வெளித்திரை ஒளிராதபோது

மடிக்கணனியுடன் பெரிய வெளித்திரையொன்றை இணைத்துப் பயன்படுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் வகுப்பிலே பாடத்தைக் காட்டுவதற்கும், கணக்கர் இரு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கும், பார்வை குன்றியோர் எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பதற்கும் அது உதவுகின்றது. சிலருக்கோ அது வசதியன்று, தேவை. மடிக்கணனியின் சொந்தத் திரை பழுதுற்றபின், புதுத்திரை பொருத்த வசதியற்ற மாணவன், பழைய வெளித்திரையொன்றின் துணைகொண்டு அதே கணனியை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். அத்திரை ஒளிர மறுக்குமாயின், அவனுக்குக் கணனியே இல்லை என்றாகிவிடும்.

லினக்ஸ் கருவின்மேல் இயங்கும் திறந்த மூலக் கணனிகளில் இவ்விடர் நேரும்போது பலர் மனந்தளர்கின்றனர். முறையிட ஒரு தனி விற்பனையாளர் இல்லை என்பது உண்மையே. ஆயினும், அக்கணனி தன் உள்நிலையை மறைப்பதில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு அது விடை சொல்லும். எந்த வரிசையிற் கேட்பது என்பதே அறியவேண்டியது.

ஒரு படம் வெளித்திரையைச் சென்றடைவதற்குப் பலர் கைமாறவேண்டும். முதலாவது, வயரும் அதன் துவாரங்களும். இரண்டாவது, படத்தை ஆக்கும் வரைகலைச் சில்லு. மூன்றாவது, அச்சில்லை ஆளும் லினக்ஸ் கருவும் அதன் டிரைவரும். நான்காவது, திரைகளைப் பங்கிட்டு நிருவகிக்கும் முறைமை. 1984 ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் தோன்றிய எக்ஸ் முறைமையும், 2008 இல் தொடங்கப்பெற்ற வேலண்ட் முறைமையும் இவ்வகையின. ஐந்தாவது, பயனர் கண்ணாற் காணும் குனோம், கே.டி.ஈ. முதலிய மேசைத்தளங்கள். சங்கிலியின் எக்கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றே: திரை இருளும். ஆதலின், கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்.

வயரைச் செருகிய மாத்திரத்தில் நிகழ்வது யாது? எச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19 ஊசிகள் உள்ளன. கணனி 18 ஆம் ஊசி வழியே 5 வோல்ற் மின்னழுத்தம் அளிக்கின்றது. திரையோ 19 ஆம் ஊசி வழியே 'யான் வந்துள்ளேன்' என அறிவிக்கின்றது. பின்னர் கணனி, திரையின் அடையாளச் சீட்டைக் கேட்டு வாசிக்கின்றது. ஈ.டி.ஐ.டி. எனப்படும் இச்சீட்டின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் கொண்டது. திரையை ஆக்கியவர், அதன் அளவு, அது ஏற்கும் படப்புள்ளி எண்ணிக்கை ஆகியன அதில் அடங்கும். அறிவிப்பு வாராவிடின் கணனி திரையை அறியாது. சீட்டுச் சிதைந்துவிடின் திரையை அறிந்தும் அதன் இயல்பை அறியாது. பெரும்பாலான இடர்களை இவ்விரண்டில் ஒன்றாக வகுத்துவிடலாம்.

முதற் சோதனை மிக எளிது. வெளித்திரையை இணைத்தபடியே கணனியை நிறுத்தி, மீளத் தொடக்குக. தொடக்கத்திலே தயாரிப்பாளர் சின்னமோ அமைப்புப் பட்டியலோ வெளித்திரையில் தோன்றுமாயின், வயரும் துவாரமும் திரையும் நலமாயுள்ளன. குற்றம் மென்பொருளில் என்று துணியலாம். தோன்றாவிடின் வயரே குற்றவாளி என்று முடிவுகட்டலாகாது. சில கணனிகளில் லினக்ஸ் கரு விழித்தெழுந்த பின்னரே வெளித்துவாரம் உயிர்பெறும்.

அடுத்துப் புறப்பொருள்களை நோக்குதல் வேண்டும். திரையின் உள்ளீட்டுத் தெரிவு, வயர் செருகிய துவாரத்திற்கே வைக்கப்பட்டுள்ளதா? வேறொரு வயரால் நிலைமை மாறுகின்றதா? யு.எஸ்.பி. சி துவாரங்கள் தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும், எல்லாம் படத்தைக் கொண்டுசெல்வதில்லை. சில மின்னேற்றத்திற்கும் தரவுக்கும் மட்டுமே உரியன. எச்.டி.எம்.ஐ. யிலிருந்து பழைய வி.ஜி.ஏ. திரைக்கு மாற்றும் சிறு கருவிகள் பொதுவாக ஒருதிசை வழியே இயங்குவன. எதிர்த்திசையில் இணைத்தாற் பயனில்லை.

புறப்பொருள்கள் நலமெனின், லினக்ஸ் கருவைக் கேட்கலாம். 'சிஸ்' என்னும் அடைவினுள் 'கிளாஸ்', அதனுள் 'டி.ஆர்.எம்.' என்று சென்றால், ஒவ்வொரு துவாரத்திற்கும் ஓர் உள்ளடைவு காணப்படும். அதிலுள்ள 'ஸ்டேட்டஸ்' என்னும் கோப்பு, அத்துவாரத்தில் திரை இணைந்துள்ளதா என்பதை ஒரு சொல்லில் உரைக்கும். இணைப்பு உண்டு எனக் கரு கூறியும் திரை இருண்டிருப்பின், மேலுள்ள அடுக்குகளையே ஆராய்தல் வேண்டும். இணைப்பு இல்லை எனக் கூறின், மேசைத்தளத்தின் அமைப்புகளை எத்துணை மாற்றினும் பயன் விளையாது. பலர் மணிக்கணக்காக நேரத்தை இழப்பது இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே.

எக்ஸ் முறைமையில் 'எக்ஸ்ரேண்டர்' என்னும் கட்டளை திரைகளைப் பட்டியலிடுவதுடன் அவற்றை மாற்றவும் வல்லது. வேலண்டில் அக்கட்டளை தகவல் சிலவற்றைக் காட்டுமேயன்றி, திரைகளை ஆளும் அதிகாரம் அதற்கில்லை. அங்கே மேசைத்தளத்தின் சொந்த அமைப்புப் பலகத்தையே நாடவேண்டும். பழைய நூல்களிற் கண்ட கட்டளைகள் இன்று பலிக்காமைக்கு இதுவே காரணம்.

படம் தோன்றியும் அளவு பிழைத்திருப்பது இன்னொரு வகை இடர். உயர்தரத் திரையில் 1024க்கு 768 என்னும் சிறிய அளவே கிடைக்குமாயின், அடையாளச் சீட்டு வந்துசேரவில்லை என்று ஐயுறலாம். சீட்டைக் காணாத கரு, பாதுகாப்பான அளவொன்றைத் தானே தெரிந்துகொள்கின்றது. குறைபட்ட வயரையோ இடைநின்ற சுவிச்சையோ நீக்கினால் இது பெரும்பாலும் தீரும். 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையில் அசைவுகள் தடுமாறினால், இணைப்பின் தரத்தை நோக்குக. எச்.டி.எம்.ஐ. 1.4 அத்தகைய படத்தைச் செக்கனுக்கு 30 தடவையே அனுப்பவல்லது. 2013 இல் வெளிவந்த 2.0 தரமே 60 தடவை அனுப்புகின்றது.

இரு வரைகலைச் சில்லுகள் கொண்ட மடிக்கணனிகளில் வேறொரு சிக்கல் உண்டு. உட்திரை இன்டெல் சில்லுடனும், வெளித்துவாரம் என்விடியா சில்லுடனும் பிணைக்கப்பட்டிருக்கலாம். இரண்டாவதன் டிரைவர் ஏறாதபோது உட்திரை நன்கு இயங்கும். வெளித்துவாரமோ மௌனஞ் சாதிக்கும். 'செக்கியூர் பூட்' என்னும் காவல் ஏற்பாடு, ஒப்பமிடப்படாத டிரைவரை ஏற்க மறுப்பதும் இதற்கொரு காரணம். கருவின் குறிப்பேட்டை 'டிமெசேஜ்' என்னும் கட்டளையால் வாசித்தால் உண்மை வெளிப்படும்.

உட்திரை பழுதுற்ற மாணவனின் இடர் தனித்தன்மையது. கண்ணுக்கு இருண்ட அத்திரை இன்னும் உள்ளதாகவே கணனி எண்ணுகின்றது; சாளரங்களை அதன்மீதே திறக்கின்றது. குனோமிலும் கே.டி.ஈ. யிலும் விண்டோஸ் சின்னம் பொறித்த விசையுடன் 'பி' விசையை அழுத்தினால், வெளித்திரையை மட்டும் தெரிவுசெய்யலாம். ஆயினும் குனோம் தளத்தில் நுழைவுப்பக்கம் தனியொரு பயனரின் பெயரால் இயங்குவதால், இத்தெரிவு அதனைக் கட்டுப்படுத்தாது. நிலையான பரிகாரம் வேண்டின், கணனி தொடங்கும்போதே உட்திரையை விலக்குமாறு கருவுக்குக் கட்டளையிடலாம். பல கணனிகளில் உட்திரையின் பெயர் 'ஈ.டி.பி. 1' என்பதாகும். 'வீடியோ' என எழுதிச் சமக்குறி இட்டு, அப்பெயரையும் முக்காற்புள்ளியையும் 'டி' என்னும் எழுத்தையும் இடைவெளியின்றிச் சேர்த்தல் அதன் முறை.

எல்லாம் சரியாயிருந்தும் நேற்றைய ஒழுங்கு இன்று குலைந்திருப்பின், சேமித்த அமைப்பை ஐயுறலாம். குனோம் தன் திரை ஒழுங்கைப் பயனரின் 'கான்ஃபிக்' அடைவில் 'மொனிற்றர்ஸ்' என்னும் கோப்பில் எழுதிவைக்கின்றது. அதன் பெயரை மாற்றிவிட்டு, வெளியேறி மீள நுழைந்தாற் குனோம் பழைய ஒழுங்கை விடுத்து இயல்பான ஒழுங்குடன் தொடங்கும். பழையதை அழித்துவிடாது பெயர்மாற்றுவது, தேவையாயின் திரும்பிச்செல்ல வழிவைக்கும்.

இத்தகைய சோதனைகளில் ஒருமுறை ஒன்றையே மாற்றுதலும், மாற்றியதைக் குறித்துவைத்தலும் நன்று. இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமாக்கியது எது என்பது தெரியாது. முடிவில் ஐயம் நீங்காவிடின், வேறொரு புதிய லினக்ஸ் பதிப்பை யு.எஸ்.பி. சேமிப்பானிலிருந்து, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அங்கே வெளித்திரை ஒளிருமாயின், கணனியின் உறுப்புகள் நலமே. புதிய கருவோ டிரைவரோ தேவை என்பது பெறப்படும். பழுதென்று ஒதுக்கிய கணனி, செலவின்றி மீண்டும் அம்மாணவனின் மேசையில் இடம்பெறக்கூடும்.