பற்றலும் விடுதலும்: துப்பாக்கியுறை செய்யுங் கலை

ஒரு கருவியின் இயல்பை நன்கு அறிந்தவனே அதற்கேற்ற உறையைச் செய்ய வல்லவனாவான். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் புலத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், குதிரைச் சேணந் தைப்போர் கைத்துப்பாக்கிக்குச் செய்த தோலுறை இவ்வுண்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அவ்வுறையினிடம் ஒன்றற்கொன்று மாறான இரு பண்புகள் வேண்டப்பட்டன. குதிரை பாய்ந்தோடும்போது துப்பாக்கி நழுவாதவாறு அது பற்றிக்கொள்ளல் வேண்டும். கை எடுக்க முயலும்போது தடையின்றி விட்டுக்கொடுத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் இசைவித்தலே இக்கலையின் உயிர்நிலை எனலாம்.

பற்றுதல் ஏன் இன்றியமையாதது என்பதை அக்காலத் துப்பாக்கியின் அமைப்பே விளக்கும். 1873ஆம் ஆண்டில் தோன்றிய கோல்ற் சுழல்துப்பாக்கியில் ஆறு அறைகள் இருந்தன. அதன் அடிசுத்தி தோட்டாவுள்ள அறையின்மேற் படிந்திருக்கையில், துப்பாக்கி நிலத்தில் வீழ்ந்து சுத்தி அடிபட்டால், அது தானே வெடித்துவிடக் கூடும். ஆதலின் முன்னறிவுடையோர் ஐந்து அறைகளில் மட்டும் தோட்டாவிட்டு, வெற்றறையின் மேலே சுத்தியைப் படியவைத்தனர். தளர்ந்த உறை உயிருக்கே இடராய் முடியும்.

உறையின் வடிவமும் தேவைக்கேற்ப மாறி வந்தது. 1850களில் வழங்கிய கலிபோர்ணிய உறை, துப்பாக்கிக் குழலை ஒட்டி ஒடுங்கிச் செல்வது. உலோகத் தோட்டாக்கள் பரவியபின், அவற்றைச் செருகும் அகன்ற இடைவார் வழக்கிற்கு வந்தது. அதற்கு ஏற்றதாய் அமைந்ததே மெக்சிக்க வளைய உறை. இதில் ஒரே தோற்றுண்டின் ஒரு பகுதி பையாக மடிக்கப்படும். எஞ்சிய பகுதி பின்புறமாக மடிந்து தொங்கும். அப்பின்மடிப்பில் வெட்டப்பட்ட வளையங்களினூடே பை செருகப்படும். இடைவாரோ மடிப்பினிடையே செல்லும்.

இதற்குரிய தோல், மரப்பட்டை முதலியவற்றின் துவர்ச்சாற்றிற் பதனிட்ட மாட்டுத்தோலாகும். குரோமிய உப்பினாற் பதனிட்ட தோல் மென்மையானது. நனைத்து அழுத்தினும் வடிவத்தைத் தாங்கி நிற்பதில்லை. அதிலுள்ள உப்புகள் இரும்பை அரிக்கவுங் கூடும். துவர்த்தோலோ நனைந்தபோது குழைந்து, உலர்ந்தபோது தான் பெற்ற வடிவிலேயே இறுகும். மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர் வரையான தடிப்பு இதற்குப் பொருந்தும்.

வடிவப்படி தோலை வெட்டிய கைவினைஞன், பூவேலை செய்வதாயின், தைப்பதற்கு முன்பே அதனைச் செய்வான். தோலை ஈரமாக்கிச் சுழலலகுக் கத்தியாற் கோடு கீறி, அச்சுளிகளால் தட்டி, இதழும் இலையும் எழும்பித் தோன்றச் செய்வான்.

அடுத்தது தையல். மடித்த விளிம்புகளுக்கு இடையே ஒடுங்கிய தோற்பட்டை ஒன்று வைக்கப்படும். துப்பாக்கியின் முனைக்குறி உராய்ந்து நூலை அறுக்காதபடி அப்பட்டை காக்கும். பின்னர், குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய லினன் நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையினூடும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துவர். பொறித்தையலில் ஒரு நூல் அறுந்தால் அயலிலுள்ள தையல்களும் எளிதில் நெகிழும். இச்சேணத்தையலிலோ ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றை நூல் தாங்கிநிற்கும்.

தைத்த உறையை நீரில் நனைத்தலே முதன்மையான கட்டம். தோட்டா நீக்கிய துப்பாக்கியை மெல்லிய உறையாற் பொதிந்து உள்ளே செலுத்தி, விரலாலும் மழுக்கிய எலும்புக் கருவியாலும் அதன் மேடுபள்ளங்கள் தோலிற் பதியுமாறு அழுத்துவர். அதன்பின் நிழலில் மெல்ல உலரவிடுதல் வேண்டும். கடுவெயிலோ நெருப்போ பட்டால் தோல் சுருங்கி முறியுந் தன்மை அடையும். இவ்வாறு பதிந்த தடமே துப்பாக்கியைப் பற்றுகின்றது; அத்தடம் செம்மையாய் அமைந்தமையாலேயே எடுக்கும்போது தடையும் இல்லையாகின்றது. ஆகவே பற்றுதலும் விடுதலும் இருவேறு வேலைகளின் பயனல்ல. ஒரே பொருத்தத்தின் இரு முகங்களே.

இறுதியாக விளிம்புகளின் கூர் சீவப்படும். அவற்றைச் சிறிது நனைத்து மரக்கருவியால் விரைந்து தேய்த்தால், இழைகள் ஒன்றி, கண்ணாடிபோல் மிளிரும். தேன்மெழுகு அம்மெருகைக் காக்கும். மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் எண்ணெயை மெல்லிதாகவே பூசல் வேண்டும். மிகுந்தால் தோல் தளர்ந்து, பெற்ற வடிவம் கெட்டுவிடும். முற்றுப்பெற்ற உறையினுள் துப்பாக்கியை நெடுநாள் வைத்திருத்தலுந் தகாது. தோலிலுள்ள அமிலமும் ஈரமும் இரும்பைத் துருவேற்றும்.

தொடையிற் றாழத் தொங்கும் உறையிலிருந்து கண்ணிமைக்குமுன் துப்பாக்கியை உருவுங் காட்சியைத் திரைப்படங்களிற் பலர் கண்டிருப்பர். அவ்வகை உறை பெரிதும் 1950களின் படப்பிடிப்புக்காக உருவானதே. ஆர்வோ ஓஜாலா என்பவர் அக்காலத்தில் தோலினுள் உலோகத் தகடு வைத்து, துப்பாக்கியின் உருளை தடையின்றிச் சுழலுமாறு செய்தார். அது விரைவையே நோக்கியது. பழைய சேணந் தைப்போர் நோக்கியதோ, நாள் முழுவதும் குதிரைமேல் உழைத்தவன் அந்தியிலே தன் கருவியோடும் ஊறுபடாத உடம்போடும் திரும்புதலை. கொல்லுங் கருவி ஒன்றுக்கு உறை செய்த அவர்களது கைத்திறன், அக்கருவியால் நேரக்கூடிய தீங்கினின்றும் மனிதனைக் காப்பதிலேயே பெரிதும் செலவாயிற்று என்பது எண்ணத்தக்கது.