மார்கழிக் கச்சேரிப் பட்டியலும் ஒரு யாமல் கோப்பும்

மார்கழி வந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களின் இணையதளங்களில் கச்சேரிப் பட்டியலுக்கு ஓய்வே கிடையாது. நான்கு மணிக் கச்சேரி ஆறரைக்குத் தள்ளிப்போகும். வயலின் வித்வான் மாறுவார். டிக்கெட் கச்சேரி இலவசமாகும். யார் மாற்றியது, முன்பு என்ன இருந்தது என்று சண்டை வந்தால் சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சிதான் கிட் என்ற மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் நிரலாளர்களுக்காக எழுதியது. ஒவ்வொரு திருத்தத்தையும் செய்தவர் பெயர், நேரத்தோடு பதிந்துகொள்ளும். ஆனால் சபா செயலாளரைக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்ல முடியாதே! அதற்காகக் கிட்டின்மேல் ஒரு படிவத்தை மாட்டித் தருகிறது டிகேப் சிஎம்எஸ் (2023 வரை நெட்லிஃபை சிஎம்எஸ்). செயலாளர் படிவத்தை நிரப்பிச் சேமித்தால் அது கிட்டில் பதிவாகும். ஹியூகோ போன்ற மென்பொருள் பக்கங்களைப் புதிதாக ஆக்கிவிடும். தனித் தரவுத்தளம் வேண்டாம்.

அட்மின் அடைவில் ஓர் எச்டிஎம்எல் பக்கம், அமைப்புகளை எழுதிவைக்க யாமல் வடிவில் ஒரு கோப்பு: அவ்வளவே. கிட் களஞ்சியம் எது, படங்கள் எங்கே, படிவத்தில் என்னென்ன கட்டங்கள் என்பதெல்லாம் யாமலில். உள்தள்ள இடைவெளிதான் விடவேண்டும். டேப் தட்டினால் பிழை.

கட்டங்களில்தான் விஷயமே இருக்கிறது. பக்கவாத்தியத்துக்கு வயலின், மிருதங்கம் என்று இரண்டு கட்டம் வைத்தால் கடம், கஞ்சிரா, மோர்சிங் வாசிப்பவர்கள் எங்கே போவார்கள்? அதை நீளக்கூடிய பட்டியலாக வைக்கவேண்டும். இது கணினி தெரிந்தவருக்குத் தோன்றாது, கச்சேரி கேட்டவருக்குத் தோன்றும். யாமலில் 'எடிட்டோரியல் ஒர்க்ஃப்ளோ' என்ற வரியையும் சேர்த்துவிட்டால் வரைவு, பரிசீலனை, தயார் என்ற மூன்று படிகளைத் தாண்டித்தான் எதுவும் வெளிவரும். சபா கமிட்டிகளுக்கு இது பிடிக்கும்.

உள்நுழைவு கொஞ்சம் தலைவலி. களஞ்சியம் இருக்கும் கிட்ஹப் தளத்துக்கான ரகசியச் சாவியை வெறும் கோப்புகளாலான தளத்தில் வைக்க முடியாது. அனுமதி வாங்கித்தர இடையில் ஒரு சர்வர் வேண்டும்.

கடைசியாக, கோப்புப் பெயர். தலைப்பிலிருந்தே அது உருவாகும்; பக்கத்தின் இணைய முகவரியிலும் அதுவே வரும். 'மயிலை' என்ற சொல்லை இணைய முகவரிக்குள் குறியீடாக்கினால் 45 எழுத்துகள்: ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எல்லாரும் தொடப் பயப்படுவார்கள். பாடகர் பெயரையும் கோப்புப் பெயரில் சேர்க்காதீர்கள். அவருக்குத் தொண்டை கட்டி வேறொருவர் பாடினாலும், முதலில் வைத்த கோப்புப் பெயரை டிகேப் தானாக மாற்றாது. வராதவர் பெயரே முகவரியில் நிற்கும். தேதியும் ஒரு வரிசை எண்ணும் போதும்.