மறுபிறப்பு முந்தியதா, விசுவாசம் முந்தியதா? கிறிஸ்தவ இறையியலில் ஒரு நெடிய விவாதம்

கிறிஸ்தவ சமயத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை திரித்துவம், சிலுவை, வேத நூல்களின் வரலாறு ஆகிய மூன்றனுள் அடங்கிவிடுகின்றன. அச்சமயத்தார் தமக்குள் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திவரும் விவாதங்களை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அத்தகைய விவாதங்களுள் ஒன்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம். மனிதன் முதலில் விசுவாசம் கொண்டு அதன் பயனாக ஆன்மிக மறுபிறப்பை அடைகிறானா? அல்லது இறைவன் முதலில் அவனுக்கு மறுபிறப்பை அளித்து, அதன் விளைவாக அவன் விசுவாசம் கொள்கிறானா? இதுவே வினா.

இங்கு மறுபிறப்பு என்பது உயிர் வேறோர் உடலில் புகுவதாகச் சொல்லப்படும் ‘தனாசுக்’ அன்று. பாவத்தில் மாண்டு கிடக்கும் உள்ளம் இறையருளால் உயிர் பெறுவதையே கிறிஸ்தவர் இச்சொல்லால் குறிக்கின்றனர். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், நிக்கொதேமு என்னும் யூத அறிஞரிடம் ஈஸா (அலை) அவர்கள் இதைப் பற்றி உரையாடியதாக வருகிறது. அங்குள்ள ‘அனோதென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் இரு பொருள் உண்டு.

வினாவின் வேர்

ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரா’ எனும் தூய இயல்பில் பிறக்கிறது என்பது நமது கொள்கை. எனவே இந்த வினா நம்மிடம் இதே வடிவில் எழுவதில்லை. மேலைக் கிறிஸ்தவமோ ஆதிபாவக் கொள்கையின் மீது நிற்கிறது. ஆதமின் வீழ்ச்சியால் மனித இயல்பே சிதைந்துவிட்டது என்று புனித அகஸ்டின் (354–430) வாதிட்டார். மனிதன் தன் முயற்சியால் நன்மையைத் தேர்ந்துகொள்ள வல்லவன் என்ற பெலாகியுஸை அவர் கடுமையாக மறுத்தார். 529-இல் தென் பிரான்சின் ஒரேஞ்ச் நகரில் கூடிய திருச்சபை மன்றம், விசுவாசத்தின் தொடக்கமும் அருளாலேயே நிகழ்கிறது என்று தீர்மானித்தது. ஆனால் அந்த அருளை மனிதனால் மறுக்க முடியுமா என்ற கேள்வி அத்துடன் ஓயவில்லை.

டோர்ட் மன்றம்

இவ்விவாதம் உச்சத்தை எட்டியது நெதர்லாந்தில். லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1603 முதல் இறையியல் பேராசிரியராக இருந்த யாகோபுஸ் அர்மீனியுஸ், கால்வினின் வழிவந்தோர் கூறிய முன்தெரிவுக் கொள்கையைக் கேள்விக்கு உள்ளாக்கினார். அவர் 1609-இல் மறைந்தபின், அவருடைய ஆதரவாளர்கள் 1610-இல் ஐந்து கூறுகள் கொண்ட ஒரு முறையீட்டை வெளியிட்டனர். மனிதன் சுய வலிமையால் விசுவாசம் கொள்ள இயலாது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. அருள் தடுக்கப்பட முடியாதது என்பதையே அவர்கள் மறுத்தனர்.

இதற்கு விடை காண டோர்ட்ரெக்ட் நகரில் 1618 நவம்பர் 13 அன்று ஒரு மன்றம் கூடியது. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜெர்மானிய நாடுகள் ஆகியவற்றிலிருந்தும் பேராளர்கள் வந்தனர். 1619 மே மாதம் அது வெளியிட்ட தீர்ப்பின் சாரம் இது: மறுபிறப்பு முற்றிலும் இறைவனின் செயல், அவன் எவருடைய உள்ளத்தில் அதை நிகழ்த்துகிறானோ அவர் தவறாமல் விசுவாசம் கொள்வார், விசுவாசமும் ஒரு கொடையே.

ஏட்டளவில் நிற்கவேண்டிய விவாதம் அத்துடன் நிற்கவில்லை. அரசியல் பகையும் அதனுடன் கலந்தது. அர்மீனியர்களுக்கு ஆதரவளித்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் தேசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1619 மே 13 அன்று சிரச்சேதம் செய்யப்பட்டார். சட்ட மேதை ஹ்யூகோ குரோஷியஸ் ஆயுள் சிறைத் தண்டனை பெற்று, 1621-இல் ஒரு புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

இரு தரப்பாரின் ஆதாரங்கள்

மறுபிறப்பே முந்தியது என்போர் எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை முதலாவதாக எடுத்துக்காட்டுவர். மனிதன் பாவத்தில் ‘செத்தவன்’ என்று அது கூறுகிறது. செத்தவன் கையை நீட்டி மருந்தை வாங்க இயலுமா என்பது அவர்களின் வாதம். அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரத்தில் லீதியாள் என்னும் பெண்ணின் இதயத்தை இறைவன் திறந்ததாகவும், அதன் பின்னரே அவள் போதனைக்குச் செவிசாய்த்ததாகவும் வருகிறது. யோவானின் முதல் நிருபம் 5:1-இல் விசுவாசிப்பது நிகழ்காலத்திலும், இறைவனால் பிறந்திருப்பது ஏற்கெனவே முடிந்த செயலைக் காட்டும் வடிவத்திலும் உள்ளன. எனவே பிறப்பே முந்தியது என்பர்.

எதிர்த்தரப்பார் இலக்கணத்தைக் கொண்டே விடை தருகின்றனர். யோவான் 3:18-இலும் இதே அமைப்பு உண்டு. அங்கு விசுவாசியாதிருத்தல் நிகழ்காலத்திலும், தீர்ப்பளிக்கப்பட்டுவிட்டமை முடிந்த செயலாகவும் நிற்கின்றன. ஆயினும் விசுவாசமின்மையே தீர்ப்புக்குக் காரணம் என்று அவ்வசனமே தெளிவாக்குகிறது. ஆகவே காலத்தைக் காட்டும் வினை வடிவம் மட்டும் காரண காரிய வரிசையை நிறுவாது. மேலும், விசுவாசிப்பதனால் வாழ்வு கிட்டும் என்பதே யோவான் 20:31-இன் பொருள் என அவர்கள் காட்டுவர். ஜான் வெஸ்லி (1703–1791) இத்தரப்பைப் பரப்பியவர். மனிதர் அனைவருக்கும் ‘முந்துறும் அருள்’ வழங்கப்படுகிறது. அது செத்த உள்ளத்தை விடையளிக்கும் நிலைக்குக் கொணர்கிறது. ஏற்பதும் மறுப்பதும் பின்னர் மனிதனிடம் விடப்படுகின்றன என்பது அவருடைய விளக்கம்.

கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் மறுபிறப்பை ஞானஸ்நானத்துடன் இணைத்துக் காண்பதால், அவர்களிடையே இவ்வினா இத்துணைக் கூர்மை பெறவில்லை.

‘முந்தியது’ என்றால் என்ன?

மன்திக் பயின்ற மாணவருக்கு இங்கு ஒரு நுட்பம் உடனே புலப்படும். முந்துதல் இருவகை: காலத்தால் முந்துதல் (தகத்தும் பிஸ்ஸமான்), இயல்பால் முந்துதல் (தகத்தும் பித்தாத்). கை அசைகிறது, கையிலுள்ள சாவியும் அசைகிறது. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன; எனினும் கையின் அசைவே சாவியின் அசைவுக்குக் காரணம் என்று இப்னு சீனா விளக்கினார். கால்வினிய அறிஞர் பலர் கூறுவதும் இத்தகைய முந்துதலையே. ஒருவன் மறுபிறப்படைந்து, விசுவாசமின்றிப் பல நாள் வாழ்கிறான் என்பது அவர்களின் கருத்தன்று. இதை அறியாமல் அவர்களை மறுப்பவர், அவர்கள் சொல்லாததை மறுத்தவராவார்.

சொல்லின் பொருளும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. கால்வின் தம் பெருநூலின் மூன்றாம் பாகத்தில், மறுபிறப்பு என்னும் சொல்லால் வாழ்நாள் முழுதும் தொடரும் மனந்திரும்புதலையே குறித்தார். அது விசுவாசத்திலிருந்து பிறப்பதாகவே எழுதினார். பின்வந்தோர் அச்சொல்லை உள்ளம் உயிர்பெறும் முதற்கணத்துக்கு மட்டும் உரியதாகச் சுருக்கினர். எனவே சொல்லளவில் கால்வினும் கால்வினியரும் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றும். பொருளளவில் அம்முரண் பெரிதன்று.

நமது இல்முல் கலாமிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. செயலுக்கான ஆற்றல் (இஸ்திதாஅத்) செயலுக்கு முன்னரே மனிதனிடம் இருக்கிறது என்றனர் முஃதஸிலாக்கள். செயலுடன் சேர்ந்தே படைக்கப்படுகிறது என்றனர் அஷ்அரிய்யாக்கள். இறைவனின் முழு ஆற்றலையும் மனிதனின் பொறுப்பையும் ஒருசேரக் காக்கவேண்டும் என்ற கவலையே இரு சமயத்தாரையும் இவ்விவாதங்களுக்குள் தள்ளியது. ஆயினும் ஆதிபாவம் என்னும் அடித்தளம் நம்மிடம் இல்லாமையால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இதனால் நமக்கென்ன?

கிறிஸ்தவ அண்டை வீட்டாருக்கு இது வெறும் வரிசைச் சிக்கல் அன்று. ‘நான் அழைத்தும் என் மகன் ஏன் நம்பவில்லை? குறை அவனிடமா, இறைவனின் நாட்டத்திலா?’ என்று கலங்கும் ஒரு தாய்க்கு இரு தரப்பாரும் இருவேறு விடைகளைத் தருகின்றனர்.

முன்னர் கூறிய குரோஷியஸ் சிறையில் டச்சுக் கவிதையாகத் தொடங்கி, 1627-இல் இலத்தீனில் வெளியிட்ட நூல் கிறிஸ்தவத்தின் உண்மையை நிறுவ முற்பட்டது. நபி (ஸல்) அவர்களின் காதருகே ஒரு புறா பழக்கப்பட்டிருந்தது என்னும் கட்டுக்கதையும் அதில் இடம்பெற்றது. அலெப்போவில் அரபி பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் அரபிப் பேராசிரியரான எட்வர்ட் போகாக், இக்கதைக்கு ஆதாரம் எதுவென அவரிடமே வினவினார். முஸ்லிம் நூல்களில் அதற்கு ஆதாரமில்லை என்பதைக் குரோஷியஸ் ஒப்புக்கொண்டார். 1660-இல் வெளிவந்த போகாக்கின் அரபி மொழிபெயர்ப்பில் அக்கதை நீக்கப்பட்டது.

நம் நபியவர்களைப் பற்றிய பொய்யை நீக்கிய அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம். அதே நேர்மை நம்மிடமும் எதிர்பார்க்கப்படும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்தலாகாது என்பது திருமறை நமக்கு இட்ட கட்டளையன்றோ! பிறர் கொள்கையை மறுக்கும் முன், அதை அவர்களே ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்பும் வண்ணம் எடுத்துரைப்பது அந்நீதியின் முதற்படி.