வயிற்றுக்குள் வெளிச்சம்: அகநோக்கியும் காப்புரிமை ஆய்வும்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், சூடாக்கிய ஆணியால் ஒரு துளை இடுங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். அறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் டார்ச் விளக்கை வைத்து ஒளி பாய்ச்சுங்கள். இப்போது விரலை எடுத்தால், தண்ணீர் வளைந்து கீழே விழும். அது விழும் இடத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கையில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். தண்ணீரோடு ஒளியும் வளைந்து வந்துவிட்டது! குற்றாலத்தில் சாரல் தொடங்கி மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில், ஆய்க்குடியில் என் வீட்டுத் திண்ணையில் இச்சோதனையைச் செய்து காட்டுவதுண்டு. 1841-இல் ஜெனீவாவில் கொலாடன் என்பவரும், 1854-இல் லண்டனில் டிண்டாலும் இதைப் பலர் முன்னிலையில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

உண்மையில் ஒளி வளையவில்லை. தண்ணீருக்குள் செல்லும் ஒளிக்கதிர் அதன் ஓரத்தைச் சாய்வாகச் சென்று தொடும்போது, காற்றுக்குள் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே இதற்கான மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 49 பாகை. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே 42 பாகை. இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அப்படித் திரும்பித் திரும்பி, சிறு சிறு நேர்கோடுகளாகவே ஒளி வளைவைக் கடந்துவிடுகிறது.

இதற்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு? நம் பல்வரிசையிலிருந்து இரைப்பையின் வாய் சுமார் 40 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. வழியோ நேரானதன்று. 1868-இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற மருத்துவர் நேரான உலோகக் குழலை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். அதற்கு அவர் தேடிப் பிடித்த ஆள், வாள் விழுங்கும் வித்தைக்காரர்! எல்லா நோயாளிகளும் வாள் விழுங்கிகளாக இருக்க முடியாதல்லவா? ஆகவே வளையும் குழல் தேவைப்பட்டது. மருத்துவர்கள் எண்டோஸ்கோப் என்று சொல்லும் அகநோக்கியின் வரலாறு, இந்த வளைவை வெல்ல முயன்ற வரலாறுதான்.

சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் ஒரு கருவியுடன் வந்தார். பென்சில் தடிமனுள்ள குழல், அதன் நுனியில் சிறு காமிரா, பக்கத்தில் ஒளியுமிழ் டையோடு. சைக்கிள் பிரேக் கம்பியைப் போன்ற மெல்லிய கம்பியை இழுத்தால் நுனி வளையும். படம் கைப்பேசியில் தெரியும். கிராமத்துச் செவிலியர் தொண்டையையும் காதையும் பார்க்க உதவும் என்பது அவர் எண்ணம். "சார், இதுக்குப் பேட்டண்ட் கிடைக்குமா?" என்று கேட்டார். "நன்றாக வேலை செய்கிறதே!" என்றேன். அது அவர் கேட்டதற்கு விடையன்று என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் ஒரு கருவி நன்றாக வேலை செய்கிறதா, ஏழைகளுக்கு உதவுமா என்றெல்லாம் முதலில் கேட்பதில்லை. "இதில் இதற்கு முன் உலகில் இல்லாதது எது?" என்பதே அவருடைய முதற்கேள்வி. இக்கேள்வி எவ்வளவு கடுமையானது என்பதை அறிய, அகநோக்கியின் வரலாற்றையே பார்ப்போம்.

1930-ஆம் ஆண்டு. மியூனிக் நகரில் ஹைன்ரிஷ் லாம் என்ற மருத்துவ மாணவர், மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைச் சீப்பால் வாருவதுபோல் வாரி, ஒழுங்காக அடுக்கி ஒரு கட்டாகக் கட்டினார். இந்த ஒழுங்குதான் முக்கியம். துடைப்பத்து ஈர்க்குகளைப் போல் ஒரு முனையில் ஒரு வரிசையிலும் மறுமுனையில் வேறு வரிசையிலும் இழைகள் இருந்தால், வெளிச்சம் வரும், படம் வராது. ஒவ்வோர் இழையும் படத்தின் ஒரு புள்ளியைச் சுமந்து செல்வதால், இரு முனைகளிலும் அதே அடுக்கு இருக்கவேண்டும். லாம் ஒரு மின்விளக்கின் ஒளிரும் கம்பியை இழைக்கட்டின் ஒரு முனையில் காட்டினார். மறுமுனையில் அக்கம்பியின் உருவம் தெரிந்தது! மங்கலாகத்தான், ஆனால் வளையும் இழைக்கட்டின் வழியே மனிதர் அனுப்பிய முதற்படம் அது. வளைந்து இரைப்பைக்குள் செல்லும் குழலைச் செய்வதே அவர் நோக்கமாக இருந்தது.

லாம் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. ஏன்? அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியாளர் கிளாரன்ஸ் ஹான்செல், இழைக்கட்டின் வழியே படம் அனுப்பும் முறைக்கு 1927-லேயே விண்ணப்பித்திருந்தார். எட்டாத இடத்திலுள்ள ஓர் அளவுமானியின் முகப்பைத் தொலைவிலிருந்து படிப்பது எப்படி என்று சிந்தித்தபோது அவருக்குத் தோன்றிய கருத்து அது. அதன் பிரிட்டிஷ் காப்புரிமை ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. தொலைக்காட்சிப் புகழ் பேர்டும் ஒளிக்குழல்களை அடுக்கிப் படம் அனுப்பும் கருத்துக்கு 1926-லேயே லண்டனில் விண்ணப்பித்திருந்தார்.

இதில் அநீதி இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஹான்செல் காகிதத்தில் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இழைகளை வாரி அடுக்கிப் படத்தைக் கண்ணால் கண்டவர் லாம். ஆனால் ஆய்வாளரின் மேசையில் 'யார் செய்து பார்த்தார்?' என்ற கேள்விக்கு இடமில்லை. 'யார் முன்னதாக வெளியிட்டார்?' என்பதே அங்கே செல்லும். ஹான்செலின் ஏட்டைப் படித்த ஒரு தொழிலறிஞர் அதைச் செய்துவிட முடியும் என்றால், லாம் கேட்ட உரிமை, உலகுக்கு ஏற்கெனவே சொந்தமான அறிவின் மேல் வேலி போடுவதாகும். விதி சரியானதே. அது லாமுக்குக் கொடுமையாக அமைந்தது என்பதும் உண்மையே. அவர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் அறுவை மருத்துவராகக் காலம் கழித்தார். அவருடைய இழைக்கட்டை எவரும் தொடரவில்லை. 1951-இல் டென்மார்க்கில் மோலர் ஹான்சன் என்பவர் அதே கருத்தைத் தாமாகவே கண்டு, காப்புரிமை கேட்டபோது, அதே பழைய ஏடுகளைக் காட்டி அவரையும் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படியானால் அகநோக்கியில் எவருக்கும் காப்புரிமையே கிடைக்கவில்லையா? கிடைத்தது. எதற்குக் கிடைத்தது என்பதில்தான் இயற்பியல் இருக்கிறது.

லாமின் படம் ஏன் மங்கலாக இருந்தது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழையின் விட்டம் 0.05 மில்லிமீட்டர், நீளம் 1 மீட்டர் என்று கொள்வோம். அச்சுக்கு 10 பாகை சாய்வில் செல்லும் கதிர், ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டருக்கு ஒரு முறை ஓரத்தில் மோதித் திரும்பும். ஒரு மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 3,500 மோதல்கள்! ஓரம் மாசற்றிருந்தால் இழப்பு இல்லை. ஆனால் வெறும் இழைகள் ஒன்றையொன்று தொடுகின்றன, கீறல் விழுகிறது, விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறது. தொட்ட இடத்தில் காற்று இல்லாமையால் ஒளி அடுத்த இழைக்குத் தாவிவிடும். ஒவ்வொரு மோதலிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே கசிகிறது என்று வைத்துக்கொண்டாலும், மறுமுனையை அடைவது 100-க்கு 3 பங்குதான். 0.999 என்ற எண்ணை 3,500 முறை பெருக்கிப் பாருங்கள். கணிப்பான் அதையே சொல்லும்.

இதற்கு மருந்து, இழைக்குக் காற்றை நம்பாமல் ஓர் உறை போடுவது. உறையின் ஒளிவிலகல் எண் இழையினதைவிடக் குறைவாக இருந்தால், எதிரொளிப்பு இரண்டும் சேரும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே நடந்துவிடும். வெளியே கை பட்டாலும் அடுத்த இழை பட்டாலும் கவலையில்லை. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரப் பேராசிரியர் வான் ஹீல், பிளாஸ்டிக்கையும் தேன்மெழுகையும் பூசிப் பார்த்தார். 1954 ஜனவரி 2-ஆம் நாள் 'நேச்சர்' இதழில் அவர் கட்டுரை வெளிவந்தது. அதே இதழில் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து ஹாரல்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நம் நரிந்தர் சிங் கபானியும் எழுதிய கட்டுரையும் வந்தது. பல்லாயிரம் இழைகளை ஒழுங்காக அடுக்கித் தெளிவான படம் அனுப்பிக் காட்டியிருந்தார்கள். அவர்களுடையவை உறையற்ற இழைகள். ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று ஓர் ஆசிரியர் அடித்துச் சொன்னதே கபானியின் மனத்தில் இவ்விஷயத்தை விதைத்ததாம். என்னைப் போன்ற ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது!

அக்கட்டுரையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் லண்டன் சென்று அவர்களைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடங்கினார். அங்கே லாரி கர்டிஸ் என்ற மாணவர், இன்னும் பட்டம் பெறாதவர், 1956 டிசம்பரில் ஒரு காரியம் செய்தார். ஒளிவிலகல் எண் மிகுந்த கண்ணாடித் தண்டை, எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்தே உருக்கி நூலாக இழுத்தார். உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே உறையாக வேறொரு கண்ணாடி! சில வாரங்களுக்குள், 1957 பிப்ரவரியில், அவ்விழைகளால் ஆன குழலை ஹிர்ஷோவிட்ஸ் தாமே விழுங்கிப் பார்த்தார். பிறகு ஒரு நோயாளியிடம் பயன்படுத்தினார்.

வளையும் அகநோக்கிக்கான அவர்களது விண்ணப்பம் 1956 டிசம்பரில் சென்றது; 1961-இல் காப்புரிமை கிடைத்தது. கண்ணாடி உறை இழைக்கென்று கர்டிஸ் தனியே 1957 மே மாதம் விண்ணப்பித்தார். அவருக்குக் கிடைத்தது 1971-இல்! 'இழைக்கட்டால் படம் பார்ப்பது' என்று மட்டும் அவர்கள் கேட்டிருந்தால், லாமுக்கு நேர்ந்ததே நேர்ந்திருக்கும். உறையும் அதைச் செய்யும் வழியுமே அவர்கள் புதிதாகக் கொண்டுவந்தவை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமது காப்புரிமைச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையே அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டவரின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்துக்குச் செல்கின்றன. விண்ணப்பம் 18 மாதம் கழித்து வெளியிடப்படும். ஆய்வு தானாக நடப்பதன்று; தனியே கேட்கவேண்டும். 2024-இல் திருத்திய விதிகளின்படி அதற்கு 31 மாதக் கெடு. ஆய்வாளர் உலகில் எங்கு அச்சானதையும் தேடி, தம் ஆட்சேபங்களை முதல் ஆய்வறிக்கையாக அனுப்புவார். ஆறு மாதத்துக்குள் விடை சொல்லவேண்டும். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். கருவியின் வெளித்தோற்றத்துக்கு மட்டும் காப்பு வேண்டுமென்றால் அது வேறு சட்டம். அதை இங்கே விட்டுவிடுவோம்.

மருத்துவத்துக்கென்று ஒரு தனி வேலியும் உண்டு. சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, நோயறியும் முறைக்கும் சிகிச்சை முறைக்கும் இங்கே காப்புரிமை கிடையாது. 'குழலை இவ்வாறு செலுத்தி இரைப்பைப் புண்ணைக் கண்டறிவது' என்று எவரும் உரிமை கோர முடியாது. குழலுக்கு மட்டுமே கோரலாம். நோயாளி மேசையில் படுத்திருக்க, இந்த முறையைக் கையாள எவரிடம் அனுமதி வாங்குவது என்று மருத்துவர் யோசிக்கும் நிலை வரலாமா? இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

மாணவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, ஆய்வாளரின் கண்ணோடு அவருடைய உரிமைக்கோரிக்கைகளைப் படித்தோம். நுனியில் காமிரா: 1980-களிலேயே அகநோக்கிகளில் வந்துவிட்டது. அடித்தோம். கம்பியால் நுனியை வளைப்பது: அதற்கும் முந்தையது. அடித்தோம். ஒளியுமிழ் டையோடு: "காமிராவும் டையோடும் சேர்ந்து எவரும் வைக்கவில்லையே, சார்!" என்று வாதாடினார். வைத்திருக்கிறார்கள். வைக்காவிட்டாலும், ஓர் ஏட்டில் காமிராவும் மற்றோர் ஏட்டில் டையோடும் இருந்து, இரண்டையும் சேர்ப்பது அத்தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதானால், புதுமை இருந்தும் கண்டுபிடிப்புத் திறன் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். கைப்பேசித் திரை: இணையத்தில் விற்பனைக்கே இருக்கிறது. முகம் வாடிவிட்டது. பிறகு, அவர் கோரிக்கையில் எழுதவே எழுதாத ஒன்றை, கருவியைக் கழுவுவதற்காகத் தம் வசதிக்கென்று செய்திருந்த ஒரு சிறு அமைப்பைக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்டேன். இரண்டு வாரம் காப்புரிமை ஏடுகளைத் தேடினோம். அதைப் போன்ற ஒன்று அகப்படவில்லை.

அந்த மாதமே ஒரு கண்காட்சியில் கருவியை வைக்க அழைப்பு வந்திருந்தது. வேண்டாம் என்று தடுத்தேன். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கும் அறிஞர் அவைகளில் படிக்கும் கட்டுரைகளுக்கும் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது. மற்றவற்றுக்கு அது இல்லை. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் கருவியைப் பாராட்டும் ஆர்வத்தில், வரைபடமும் விளக்கமுமாகக் கல்லூரி மலரில் நானே அச்சிட வைத்தேன். பிறகு அவள் காப்புரிமை பற்றி விசாரித்தபோது, அவளுக்கு எதிரான முன்னறிவாக அந்த மலரே வந்து நின்றது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இம்முறை மாணவர் மின்வழியே விண்ணப்பித்துவிட்டார். தனிநபருக்கான கட்டணம் ரூ. 1,600, ஆய்வு கேட்க மேலும் ரூ. 4,000. கோரிக்கை இப்போது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சிறு அமைப்பு எப்படிப்பட்டது என்று கேட்கிறீர்களா? அவருடைய விண்ணப்பம் வெளியிடப்படும்வரை அதை இவ்விதழில் எழுதுவதாக இல்லை.