பக்கத்துப் போனுக்கு ஒரு கோப்பு

ஒரு போனிலிருந்து பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனுக்குப் படமோ பாட்டோ வீடியோவோ அனுப்ப இணையம் தேவையில்லை. இரண்டு போன்களும் வானலை வழியாக நேரடியாகவே தொடர்புகொள்ளும். டேட்டா செலவாகாது, கோப்பு எந்த சர்வருக்கும் போகாது, படத்தின் தரமும் குறையாது. முசிறியில் கோரைப்பாய் விற்பவர் புது டிசைன்களின் படங்களை எதிரில் இருக்கும் வியாபாரிக்குக் கொடுக்கவும், மண்டபத்தில் எடுத்த கல்யாண வீடியோவை உறவுக்காரர் வாங்கிக்கொள்ளவும் இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் இந்த வசதிக்கு வேகம், தூரம், அளவு என்று மூன்று எல்லைகள் உண்டு. பாதுகாப்பு பெரும்பாலும் போன் வைத்திருப்பவர் கையில்தான் இருக்கிறது.

பழைய வழி ப்ளூடூத். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இது சாதாரணப் போன்களில் சுமார் 10 மீட்டர் வரை எட்டும்; நடுவே சுவர் வந்தால் அதுவும் குறையும். நடைமுறையில் நொடிக்குச் சுமார் 2 மெகாபிட்தான் கடத்தும் என்பதால் 1 ஜிபி வீடியோ போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆண்ட்ராய்டு போன் ப்ளூடூத்தில் அனுப்பும் கோப்பை ஐபோன் ஏற்பதும் இல்லை.

இந்த வேகக் குறையைத் தீர்த்தது வைஃபை. ரௌட்டர் இல்லாமலே இரண்டு கருவிகளை இணைக்கும் 'வைஃபை டைரக்ட்' முறை 2010இல் வந்தது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள குவிக் ஷேர் ப்ளூடூத், வைஃபை இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் ப்ளூடூத் தேடும். வாங்குபவர் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியதும் இரண்டு போன்களுக்கும் இடையே தனி வைஃபை இணைப்பு உருவாகி, கோப்பு அதில் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடைத்தால் 1 ஜிபி கோப்பு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். போன் பழையதாக இருந்தாலோ இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் அமைந்தாலோ அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

தூரம் மட்டும் மாறவில்லை. ஒரே கூடத்துக்குள் இருப்பவருக்கு அனுப்பலாம். முசிறியிலிருந்து காவிரிக்கு அக்கரையில் குளித்தலையில் இருப்பவருக்கு அனுப்ப இணையம்தான் வழி. அங்கே வேறு எல்லைகள் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடாது, ஜிமெயில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டக்கூடாது.

நேரடிப் பகிர்வில் அளவுக்குத் தடை பெரும்பாலும் சேமிக்கும் இடத்தில் வரும். 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகள் வழக்கமாக ஃபேட் 32 முறையில் அமைந்தவை. அவற்றில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. இடம் காலியாக இருந்தும் கல்யாண வீடியோ பாதியில் நிற்பதற்கு இது ஒரு காரணம். வீடியோவைப் போனின் உள்நினைவகத்தில் வாங்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் இந்தியாவில் டேட்டா விலை அதிகம்; அதனால் நேரடிப் பகிர்வுக்குத் தேவையும் அதிகம். செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டவர்கள், பிறகு ஷேரிட், ஜெண்டர் போன்ற செயலிகளுக்கு மாறினார்கள். அனுப்பும் போன் ஹாட்ஸ்பாட்டாக மாற, வாங்கும் போன் அதில் இணையும். படம், பாட்டோடு செயலிகளையும் கைமாற்றலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ்த் தடைசெய்த 59 செயலிகளில் இந்த இரண்டும் இருந்தன.

ஷேரிட்டில் இருந்த ஓட்டைகளும் வெளிவந்தன. ரெட்ஃபோர்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு குறை இது: அதே வைஃபையில் இருக்கும் அந்நியர், செயலியிடம் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டால் போதும். 'இல்லை' என்று மறுப்பதற்குப் பதிலாகச் செயலி அவரைத் தெரிந்தவர் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பின் போனில் உள்ள கோப்புகளை அவர் எடுக்க முடிந்தது. வெளியிடும் முன்பே அது சரிசெய்யப்பட்டது என்றாலும், 2021 பிப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் வேறு குறைகளை அறிவித்தது. தடைக்குப் பிறகும் ஏதாவது ஒரு தளத்திலிருந்து இந்தச் செயலியை இறக்குபவர், யார் கைவைத்த நகல் என்று தெரியாமலே அதைப் போனில் நிறுவுகிறார்.

போனோடு வரும் குவிக் ஷேரும் ஐபோனின் ஏர்டிராப்பும் கோப்பை மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் 'எல்லோருக்கும் தெரியும்' என்ற அமைப்பில் ஆபத்து இருக்கிறது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலோ வைகுண்ட ஏகாதசி நாளில் ஸ்ரீரங்கத்திலோ அந்த அமைப்போடு நிற்பவரின் போன் பெயர் பக்கத்தில் இருக்கும் அந்நியர் திரையில் தெரியும். அவர் வேண்டாத படத்தையும் அனுப்பலாம். இதனால்தான் ஆப்பிள் 2022 டிசம்பரில் உலகெங்கும் அந்த அமைப்பை 10 நிமிடத்துக்கு மட்டும் என்று சுருக்கியது.

வேண்டாத படம் மட்டுமல்ல, நச்சுநிரலும் இந்த வழியில் வரலாம். 2004இல் சிம்பியன் போன்களைத் தாக்கிய கபீர் என்ற நச்சுநிரல் ப்ளூடூத்தில் பரவியது. வாங்குபவர் 'சரி' என்று அழுத்தினால்தான் அது உள்ளே வரும்; அப்படியும் அழுத்தினார்கள். இன்று அந்த இடத்தில் ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புகள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராத ரசீது என்ற பெயரில் வரும் ஏபிகேயை நிறுவினால் குறுஞ்செய்தியும் ஓடிபியும் பிறர் கைக்குப் போகக்கூடும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், செயலியாக வராது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

தரம் குறையாத படத்தில் இன்னொன்றும் சேர்ந்து போகிறது. கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால், படம் எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே இருக்கும். வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு நேரடியாகக் கொடுத்தால் வீட்டின் இருப்பிடத்தையும் கொடுத்ததாக ஆகும். கேமரா அமைப்பில் அதை நிறுத்தலாம். ஐபோனில் அனுப்பும்போதே நீக்கலாம்.

பகிர்வு அமைப்பைத் 'தொடர்புகளுக்கு மட்டும்' என்று வைப்பது, தொடர்புகளில் இல்லாதவரிடமிருந்து வாங்கும்போது மட்டும் சில நிமிடம் திறப்பது, திரையில் வரும் பெயரையும் எண்ணையும் எதிரில் இருப்பவரோடு ஒப்பிட்டு ஏற்பது, போன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பது ஆகியவையே போதுமான காவல். பெயர் தெரியாதவரிடமிருந்து வரும் கோப்பை மறுப்பதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.