வெள்ளைத் தாளுக்கு 500 கோடி யென்

இசாவோ தகஹாதா தானே படம் வரையாத அனிமேஷன் இயக்குநர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு 1959-ல் தோயே டோகா ஸ்டுடியோவில் சேர்ந்தார். கடைசிப் படம் வெளிவந்தது 2013-ல். இந்த 54 ஆண்டுகளில் அவர் இயக்கிய முழுநீள அனிமேஷன் படங்கள் எட்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 820 நிமிடம், அதாவது 14 மணி நேரம்கூட வராது. அதில் கடைசி 137 நிமிடத்துக்கு மட்டும் ஆன செலவு ஏறக்குறைய 500 கோடி யென். அன்றைய மதிப்பில் சுமார் 300 கோடி ரூபாய்.

ஆள் ஆரம்பத்திலிருந்தே தாமதப் பேர்வழிதான். முதல் படமான ‘ஹோருஸ்’ வேலை 1965-ல் தொடங்கி, நடுவில் நின்று, 1968 ஜூலையில்தான் திரைக்கு வந்தது. ஓடியது பத்தே நாள். 82 நிமிடப் படம்தான். ஆனாலும் நேரம் போதாமல், ஓநாய்கள் கிராமத்தைத் தாக்கும் காட்சியை அசையாத படங்களாகவே விட்டு, அவற்றின்மேல் கேமராவை நகர்த்திச் சமாளித்தார்கள். இன்று பார்த்தாலும் அந்த இடம் பளிச்சென்று தெரியும். தோயே அவருக்கு இன்னொரு முழுநீளப் படம் கொடுக்கவே இல்லை. 1971-ல் வெளியேறினார். அடுத்த முழுநீளப் படத்துக்கு 1981 வரை, 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்காக, மனிதருக்கு வேகமே வராது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இடையில் தொலைக்காட்சிக்கு 1974-ல் ‘ஹைடி’ 52 வாரம், 1976-ல் ‘மார்கோ’ 52 வாரம், 1979-ல் ‘ஆன்’ 50 வாரம். ஆக 154 அத்தியாயம், வாரம் ஒன்று. ‘ஹைடி’யின் 52 அத்தியாயங்களுக்கும் காட்சி அமைப்பு வரைந்தவர் ஹயாவோ மியாசாகி. ஒளிபரப்பு நாள் தலைக்குமேல் தொங்கினால் தகஹாதாவும் முடித்துக் கொடுப்பார். தொங்காவிட்டால்தான் ஆபத்து.

அந்த ஆபத்துக்கு முதலில் பணம் கட்டியவர் மியாசாகியே. தன் ‘நௌசிகா’ படத்தில் வந்த பணத்தைப் போட்டு, யானகாவா ஊர்க் கால்வாய்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும்படி தகஹாதாவிடம் சொன்னார். படம் நீண்டுகொண்டே போய், 1987-ல் முடிந்தபோது இரண்டே முக்கால் மணி நேரமாகியிருந்தது. பணம் நடுவழியிலேயே தீர்ந்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு படம் எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் பின்னாளில் தயாரிப்பாளரான தோஷியோ சுசுகி. அப்படிப் பிறந்ததுதான் மியாசாகியின் ‘லபுதா’. அதற்காகத்தான் 1985-ல் ஜிப்லி ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். தகஹாதாவின் செலவுக் கணக்கில் லாபம் என்று எழுதக்கூடிய வரி எனக்குத் தெரிந்து இதுதான்.

வரவைச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை. ஜப்பானில் 1999 வரை வெளியான படக் கணக்கெல்லாம் விநியோகஸ்தருக்கு வந்த பங்கு. 2000-லிருந்துதான் மொத்த வசூலைச் சொல்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பழைய படங்கள் பாதியாகச் சுருங்கித் தெரியும். பலர் இதில் சறுக்குகிறார்கள்.

விநியோகப் பங்காக, 1988-ல் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’, மியாசாகியின் ‘டோடோரோ’ இரண்டும் ஒரே டிக்கெட்டில் ஓடிச் சேர்த்தது 59 கோடி யென். பார்த்தவர்கள் 8 லட்சம் பேர். 1991-ன் ‘ஒன்லி யெஸ்டர்டே’ 187 கோடி. 1994-ன் ‘போம் போகோ’ சுமார் 260 கோடி. பிந்திய இரண்டும் அந்தந்த ஆண்டின் ஜப்பானியப் படங்களில் முதலிடம். ஆகவே இவர் படம் ஓடாது என்ற பேச்சு சரியில்லை.

‘ஒன்லி யெஸ்டர்டே’க்கு முன் ஜிப்லி தன் ஓவியர்களை நிரந்தர ஊழியர்களாக்கிச் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. அனிமேஷன் செலவில் 80 சதவீதம் ஆட்களின் சம்பளம்தான் என்பது சுசுகியின் கணக்கு. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் பின்னால் வருவது புரியும். பெயின்டும் தாளும் கொசுறு. காசு போவது எத்தனை பேர், எத்தனை மாதம் உட்கார்ந்து வரைகிறார்கள் என்பதில்.

1999-ல் ‘மை நெய்பர்ஸ் தி யமாதாஸ்’. பார்க்க நாளிதழ் கார்ட்டூன் மாதிரி இருக்கும். நாலு கோடு, கொஞ்சம் வாட்டர்கலர், சுற்றிலும் வெற்றுத் தாள். மலிவான படம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். செலவு 200 கோடி யென்னைத் தாண்டியது. வழக்கமான அனிமேஷனில் உருவத்தின் கோடு முட்டி மூடியிருக்கும். உள்ளே வண்ணத்தைக் கொட்டினால் வெளியே வழியாது. பென்சில் கோடோ பாதியில் விட்டுப்போகும், வண்ணம் நிற்க வரப்பு கிடையாது. அதனால் ஒரே அசைவுக்கு மூன்று ஓவியம்: கண்ணுக்குத் தெரியும் கோடு, வாட்டர்கலருக்கு ஒன்று, வண்ணத்தின் எல்லையைக் கணினிக்குக் காட்டிவிட்டு மறைந்துபோகும் கோடு ஒன்று. மொத்தம் சுமார் 1,70,000 ஓவியம். 104 நிமிடத்தால் வகுத்தால் விநாடிக்கு 27 வருகிறது. ஃபிலிமே விநாடிக்கு 24 சட்டம்தான்! மூன்றால் வகுத்தால் 9. திரையில் நாம் பார்ப்பது அந்த ஒன்பதைத்தான். விநியோகத்தில் திரும்பி வந்தது சுமார் 80 கோடி.

பதினோரு ஆண்டுக்கு முன், ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ படத்தில் நாயகன் சேய்தா காய்கறி திருடி மாட்டிக்கொள்ளும் காட்சி வண்ணம் தீட்டி முடியாமல் வெள்ளையாகவே திரையில் ஓடியது. வெளியீட்டு நாளுக்குள் வேலை முடியாததால் விழுந்த வெள்ளை அது. ‘யமாதாஸ்’ வெள்ளை காசு கொடுத்து வாங்கியது.

பிறகு 14 ஆண்டு இடைவெளி. தகஹாதாவின் படம் இன்னொன்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் நிப்பான் தொலைக்காட்சியின் தலைவர் செய்இச்சிரோ உஜியே. ‘பிரின்சஸ் ககுயா’வுக்குப் பணம் அந்த வழியில் வந்தது. 2011 மார்ச்சில் அவர் காலமானார்; படம் அப்போது முடிந்தபாடில்லை. 2013 கோடையில் மியாசாகியின் ‘தி விண்ட் ரைசஸ்’ வரும் அதே நாளில் வருவதாக அறிவித்தார்கள். அதுவும் தவறி, நவம்பர் 23-க்குப் போயிற்று.

ககுயா விருந்து மண்டபத்தை விட்டு ஓடும் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் விழுகின்றன. முகம் கரைந்து, கரித்துண்டால் இழுத்த கீறல்களாகிவிடுகிறது. சில இடங்களில் காலெது, மரமெது என்றே தெரியாது. கிறுக்கல் போன்ற ஒவ்வொரு சட்டமும் அடுத்ததோடு பொருந்த வேண்டும், கைக்கோட்டின் தடிமன் உட்பட. சுத்தமான கோட்டைப் பிசகாமல் நகலெடுக்கப் பழகிய கைகளுக்கு இது புதுப் பாடம்.

‘ககுயா’வுக்கு ஆன செலவு நிமிடத்துக்கு 3.65 கோடி யென். மொத்த வசூல் சுமார் 247 கோடி. அதில் பாதிக்குப் பக்கமாகத் திரையரங்குகளுக்கே போய்விடும். போட்ட பணத்தில் கால்வாசி தேறினால் பெரிது. அதே ஆண்டு ‘தி விண்ட் ரைசஸ்’ வசூல் 1,200 கோடியைத் தாண்டியது. 2014 ஆகஸ்டில், தயாரிப்புப் பிரிவைக் கலைத்து மறுசீரமைக்கப்போவதாக ஜிப்லி சார்பில் சுசுகி அறிவித்தார். நிரந்தரச் சம்பளம் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.