எச்சிலும் சேடமும்

எஞ்சி நிற்பதனைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பலவுள. அவற்றுள் எச்சில் என்பது உலக வழக்கில் அருவருப்புப் பொருளில் வழங்குதலின், இறைவனுக்கு நிவேதித்து எஞ்சியதும் அச்சொல்லின்பாற் படுமோ என்னும் ஐயம் அன்பர் சிலர்க்கு எழுகின்றது. அது நீங்குதற்குச் சொற்பொருளை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

எஞ்சு என்னும் வினையடியாக எச்சம், எச்சில் என்பனவும், மிஞ்சு என்பதன் அடியாக மிச்சம், மிச்சில் என்பனவும் பிறந்தன. எஞ்சியது என்பதே இவற்றின் முதற்பொருள். தூய்மையாதல் இழிவாதல் இச்சொற்களில் இல்லை. ஒருவன் விட்டுச்செல்லும் மக்களும் எச்சம். பறவை கழிப்பதும் எச்சம். திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்து மிச்சில் என்றது, விருந்தினர் உண்டபின் எஞ்சிய உணவினை. ஆண்டு அச்சொல் இல்லறத்தான் சிறப்பினையே உணர்த்தி நின்றது. வடமொழியினும் இஃதொக்கும். சேஷம், உச்சிஷ்டம் என்னும் இரண்டும் எஞ்சுதற் பொருளுடைய ஒரே தாதுவிற் பிறந்தன. முன்னது சேடம் எனத் தமிழ் வடிவுற்று இறைவன் திருமுன்னர்ப் பெறும் பொருளுக்காயிற்று. பின்னது வாய்ப்பட்ட உணவுக்காயிற்று.

பிறப்பு ஒன்றாக, மதிப்பு வேறாதற்குக் காரணம் யாது? எஞ்சிய பொருள் யாரைச் சார்ந்து எஞ்சியது என்பதே.

கல்பாக்கத்தை அடுத்த திருக்கழுக்குன்றம் தேவார மூவர் பாடலும் பெற்ற தலம். அங்கு வேதகிரி மலைமேல் நண்பகலில் கழுகுகள் இரண்டு வந்து, கோயிலார் அளிக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும் நிகழ்ச்சி நெடுங்காலம் இருந்து, 1998-ஆம் ஆண்டளவில் நின்றது. பிறவிடத்துப் பறவை வாய்வைத்த உணவினை யாருந் தொடார். ஆண்டோ, அவை உண்டு எஞ்சியதனை அன்பர் கையேந்திப் பிரசாதமாகப் பெற்றனர். முனிவரே அவ்வுருக்கொண்டு வேதகிரீசரை வழிபட வந்தனர் எனக் கொண்டமையே அதற்குக் காரணம். உணவு மாறிற்றன்று, சார்பு மாறிற்று.

பெரியபுராணத்தில் இதன் இருபுறமுங் காணலாம். திருச்சேய்ஞலூர் விசாரசருமர்க்குச் சண்டீசப் பதம் அளித்த இறைவன், தான் உண்ட பரிகலமும், உடுத்தனவும், சூடினவும் அவர்க்கே உரியவாக்கினன். ஆதலின் நிர்மாலியம் எளிதிற் கைக்கொள்ளும் பொருளன்று. அருளாற் பெறும் உரிமை என்க. திருக்காளத்தியிலோ, கண்ணப்பர் வாயிற் சுவைபார்த்த ஊன் சிவகோசரியார்க்கு அநுசிதமாகத் தோன்றிற்று. இறைவனுக்கு அஃது இனிய அமுதாயிற்று. முன்னதில் ஆண்டான் மிச்சில் அடியார்க்குப் பேறாயிற்று. பின்னதில் அடியார் எச்சில் ஆண்டானுக்கு விருந்தாயிற்று. இரண்டிடத்தும் உயர்வு தந்தது அன்பே.

இவ்வுண்மை உயிர்க்கும் ஒக்கும். இலக்கணத்து எச்சம் தன்னளவில் நிரம்பாது, பெயரையோ வினையையோ அவாவி நிற்கும். வந்த என்பது சாத்தன் என்பதனோடும், வந்து என்பது நின்றான் என்பதனோடும் இயைந்தன்றி முடிவுறா. உயிரும் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. மலத்தைச் சார்ந்துழி இருளாகவும், திருவருளைச் சார்ந்துழி ஒளியாகவும் அது விளங்கும்.

ஆகவே, இறைவன் திருமுன்னர்ப் பெறுவதனைச் சேடம் என வழங்குதலே மரபு. எச்சில் என்னுஞ் சொல்லோ பிறப்பால் இழிந்ததன்று. காளத்தி மலையில் அச்சொல்லும் உயர்வுற்றது. சொல்லை விலக்குதலினும், தாம் சாரும் பொருளைத் தேர்ந்து சார்தலே அன்பர்க்குக் கடனாம்.